தொட்டி மீனுக்கு நோய் வந்தால்: மருந்துக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள்

மளிகைக் கடையில் ஒரு மூட்டைப் பருப்பில் வண்டு விழுந்தால் அந்த மூட்டையை மட்டும் ஒதுக்கி வைத்து மற்றதைக் காப்பாற்றி விடுகிறோம். கலர் மீன் வியாபாரத்தில் அப்படிச் செய்ய முடியாது. தொட்டியில் உள்ள 60 மீனும் ஒரே தண்ணீரில்தான் மூச்சு விடுகின்றன. அதிலேயே தின்று அதிலேயே கழிக்கின்றன. இன்று ஒரு மீனுக்கு வந்த நோய் நாளை தொட்டிக்கே வந்துவிடும். ஒரே வாரத்தில் கொள்முதல் முழுவதும் கைநழுவிப் போகலாம். அதற்குள் விற்றுப் போன மீன்கள், வாங்கியவர் வீட்டுத் தொட்டியையும் காலி செய்தால் நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை. கடையின் பெயரும் சேர்ந்து போகிறது.

சென்னை கொளத்தூரில் மொத்தமாக வாங்கி வந்து தம் ஊரில் சில்லறையாக விற்கும் சிறு வணிகர்கள் உண்டு. மளிகை, ஸ்டேஷனரி, தீவனக் கடைகளில் பக்கத் தொழிலாக நாலைந்து தொட்டி வைத்திருப்போர் உண்டு. விற்பனைக்கு இல்லாமல், கல்லாப் பக்கத்தில் அழகுக்காக ஒரு தொட்டி வைத்திருப்போரும் உண்டு. மூவருக்கும் பொதுவான பாடம் இது. பல வகை மீன்கள் கலந்து வாழும் நன்னீர்த் தொட்டியைப் பற்றி மட்டும் இங்கே பார்ப்போம்.

மீன் சோர்ந்து கிடந்தால் உடனே மருந்துப் புட்டியைத் தேடுவது பலருடைய வழக்கம். இந்த வரிசையை மாற்றிக் கொள்ள வேண்டும். முதலில் தண்ணீர், அடுத்து தனித் தொட்டி, கடைசியாக மருந்து. இந்த வரிசை மனதில் நின்றுவிட்டால் பாதிச் சேதம் குறைந்துவிடும்.

1. தண்ணீர்தான் கைமுதல்

மீனின் செவுளில் இருந்தும் கழிவில் இருந்தும் அம்மோனியா வெளியாகிறது. தின்னாமல் மிஞ்சிய தீனியும் அழுகி அம்மோனியா ஆகிறது. இது செவுளைப் புண்ணாக்கும் நஞ்சு. தொட்டியில் நாளடைவில் குடியேறும் ஒரு வகை பாக்டீரியா இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சுதான். மற்றொரு வகை பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டின் தீங்கு குறைவு. வாரந்தோறும் தண்ணீர் மாற்றினால் அது கட்டுக்குள் இருக்கும்.

இந்த இரண்டு வகை பாக்டீரியாவும் பில்டர் பஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வளர 4 முதல் 6 வாரம் பிடிக்கும். புதுத் தொட்டி வாங்கி, தண்ணீர் நிரப்பி, அன்றே 30 மீன் விட்டால் மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ சாகத் தொடங்குவது இதனால்தான். "ராசியில்லாத தொட்டி" என்று சிலர் அதை ஒதுக்கி விடுகிறார்கள். ராசிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தத் தொட்டியில் வேலை செய்ய வேண்டிய பாக்டீரியா இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். பழைய தொட்டியின் பில்டர் பஞ்சில் ஒரு பகுதியை எடுத்துப் புதுத் தொட்டியில் வைத்தால் இந்தக் காலம் வெகுவாகக் குறையும். ஆனால் அந்தப் பழைய தொட்டியில் நோய் இல்லை என்பது நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே நம் ஊர் ஆழ்குழாய்த் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீரின் காரத்தன்மை கூடினால் அம்மோனியாவின் நஞ்சும் கூடுகிறது. பி.எச். அளவு 7-ல் இருந்து 8-க்கு ஏறினால் நஞ்சான பகுதி ஏறத்தாழ பத்து மடங்காகிறது. வெப்பம் ஏறினாலும் அப்படியே கூடும். எனவே காரமான போர் தண்ணீரில், சித்திரை வெயிலில், நெருக்கமாக மீன் அடைத்து வைப்பது மூன்று ஆபத்தை ஒன்றாகக் கூட்டுவதாகும்.

குழாய்த் தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் உள்ள குளோரின் மற்றோர் எதிரி. அது செவுளைச் சுடும்; பில்டரில் உள்ள நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். தண்ணீரைத் திறந்த தொட்டியில் பிடித்து, காற்றுக்கல் போட்டு ஒரு நாள் வைத்திருந்தால் குளோரின் வெளியேறிவிடும். அவசரத்துக்கு ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட் உப்பு இருக்கிறது. சாதாரணக் குழாய்த் தண்ணீருக்கு 100 லிட்டருக்கு 1 கிராம் போதும். பிளீச்சிங் பவுடர் வாடை தூக்கலாக அடிக்கும் தண்ணீரை ஹைப்போவை மட்டும் நம்பி உடனே ஊற்றாமல் ஒரு நாள் காற்றோட்டத்தில் வைப்பதே நல்லது.

பில்டர் பஞ்சைக் குழாயடியில் வைத்துப் பளிச்சென்று கசக்கிக் கழுவுவதும் தவறு. வாரா வாரம் தொட்டியில் இருந்து எடுக்கும் பழைய தண்ணீரிலேயே மெதுவாக அலசி மாட்டினால் பாக்டீரியா தப்பும்.

கோடையில் இன்னொரு சங்கதியும் உண்டு. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். வெப்பத்தில் மீனுக்குத் தேவை கூடுகிறது, தண்ணீரில் இருப்போ குறைகிறது. அந்த நேரத்தில் மின்சாரமும் நின்றால் விடிவதற்குள் தொட்டி காலியாகலாம். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருப்பது அவசியம். பல மணி நேரம் நின்று போன மூடிய பில்டரில் தேங்கிய தண்ணீர் கெட்டிருக்கும். அதைக் கொட்டிவிட்டு, பஞ்சை அலசிய பிறகே ஓட விட வேண்டும்.

2. தினமும் காலையில் 5 நிமிடம்

கடை திறந்ததும் தராசையும் கல்லாவையும் பார்ப்பது போல் தொட்டிகளையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். கவனிக்க வேண்டியவை இவை:

தீனி போட்டதும் எல்லா மீனும் வருகின்றனவா? துடுப்பை உடலோடு ஒடுக்கிக் கொண்டு மூலையில் எது நிற்கிறது? கல்லிலும் கண்ணாடியிலும் உடலைத் தேய்ப்பது எது? செவுள் வேகமாக அடிக்கிறதா? மேலே வந்து வாயைப் பிளக்கின்றனவா? நேற்று இருந்த எண்ணிக்கை இன்றும் இருக்கிறதா? காணாமல் போன மீன் பில்டருக்குப் பின்னால் செத்து அழுகிக் கொண்டிருக்கலாம்.

இதில் ஒரு முக்கியமான அடையாளம் உண்டு. எல்லா வகை மீனும் ஒரே நேரத்தில் மேலே வந்து மூச்சுத் திணறினால் பெரும்பாலும் அது தண்ணீர்க் கோளாறு. ஒரு மீனிலோ ஒரு வகையிலோ தொடங்கி மற்றவற்றுக்கு மெல்லப் பரவினால் பெரும்பாலும் அது தொற்று நோய். முதலாவதற்கு மருந்து போட்டால் ஏற்கெனவே கெட்ட தண்ணீரை மேலும் கெடுத்தவர்கள் ஆவோம்.

எதுவானாலும் முதல் வேலை ஒன்றுதான். தீனியை நிறுத்துங்கள், காற்றைக் கூட்டுங்கள், தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை, அதே வெப்பமுள்ள, குளோரின் போன தண்ணீரால் மாற்றுங்கள். நல்ல நிலையில் உள்ள வளர்ந்த மீன் ஓரிரு நாள் பட்டினியால் சாகாது. அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் பார்க்கும் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்திருங்கள். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். நைட்ரைட் காட்டினால் சிறிது கல் உப்பு போடுவது உதவும். உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே இரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கிறது.

3. வெள்ளைப் புள்ளி: ஒன்று பல நூறாகும் கணக்கு

கலப்புத் தொட்டியில் அடிக்கடி வருவதும், கவனித்தால் குணமாவதும் இந்த நோய்தான். துடுப்பிலும் உடலிலும் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். மீன்கள் கல்லில் உரசிக் கொள்ளும். கிருமி செவுளில் மட்டும் இருந்தால் புள்ளி தெரியாமலே மூச்சு வாங்கிச் சாவதும் உண்டு.

இதை உண்டாக்கும் ஒட்டுண்ணிக்கு இக்தியோப்திரியஸ் மல்டிஃபிலிஸ் என்று பெயர். பெயரின் பின்பாதிக்குப் பல பிள்ளைகளை உடையது என்று பொருள். பெயருக்கு ஏற்ற வாழ்க்கைதான். ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் புகுந்து தின்று கொழுக்கிறது. அதுவே நாம் காணும் வெள்ளைப் புள்ளி. முற்றியதும் மீனை விட்டு விழுந்து தரையில் ஒட்டி, கூடு கட்டிக் கொள்கிறது. கூட்டுக்குள் அது இரண்டாய், நான்காய், எட்டாய்ப் பிளந்து பல நூறு குஞ்சுகளாகிறது. கூடு வெடித்ததும் அவை நீந்தி மீனைத் தேடுகின்றன. நம் ஊர் வெப்பத்தில் ஓரிரு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அவை செத்துவிடும்.

இதில் இருந்து வியாபாரிக்கு இரண்டு பாடம். மீன் உடலில் உள்ள புள்ளியையும் தரையில் உள்ள கூட்டையும் மருந்து தொடாது. நீந்தும் குஞ்சுகளை மட்டுமே கொல்லும். ஆகவே ஒரு நாள் மருந்து போட்டுப் புள்ளி போகவில்லையே என்று மறுநாள் மருந்தை மாற்றுவது வீண். அதே போல, நாலாம் நாள் புள்ளிகள் மறைந்ததும் "குணமாகிவிட்டது" என்று நிறுத்துவதும் ஆபத்து. மறைந்தவை தரையில் கூடு கட்டிக் கொண்டிருக்கலாம். வைத்தியம் 10 நாள் முதல் இரண்டு வாரம் வரை, கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் சில நாள், தொடர வேண்டும்.

வைத்தியம்: தண்ணீரின் வெப்பத்தை ஒரு நாளுக்கு ஓரிரு டிகிரி வீதம் 30 டிகிரிக்குக் கொண்டு வந்தால் ஒட்டுண்ணியின் சுற்று விரைவாக முடியும், மருந்துக்குச் சீக்கிரம் சிக்கும். கோடையில் தண்ணீர் ஏற்கெனவே அந்த வெப்பத்தில்தான் இருக்கும். அப்போது ஹீட்டர் வேண்டாம். ஐப்பசி மழையிலும் மார்கழிக் குளிரிலும் தேவைப்படும். சூடேற்றும்போது காற்றைக் கூட்ட மறக்கக் கூடாது. கல் உப்பு லிட்டருக்கு 2 கிராம் வரை சேர்க்கலாம். இதற்கும் அடங்காவிட்டால் மாலகைட் கிரீன், பார்மலின் கலந்த வெள்ளைப் புள்ளி மருந்துகள் உள்ளன. புட்டியில் அச்சிட்டுள்ள அளவே அளவு. கெளுத்தி இனம், லோச், டெட்ரா போன்றவை இவற்றைத் தாங்குவது குறைவு. அவை உள்ள தொட்டியில் பாதி அளவில் தொடங்க வேண்டும்.

வெள்ளைப் புள்ளி என்று எண்ணி ஏமாறக் கூடிய மற்றொன்று வெல்வெட் நோய். டார்ச் விளக்கைச் சாய்த்து அடித்துப் பார்த்தால் உடல் முழுவதும் தங்கப் பொடி தூவியது போல் மினுக்கும். புள்ளிகள் ரவையை விட மிக நுண்ணியவை. இந்த ஒட்டுண்ணி ஒளியையும் பயன்படுத்தி வளர்வது. ஆகவே தொட்டி விளக்கை அணைத்து, துணி போட்டு இருட்டாக வைப்பது வைத்தியத்தில் ஒரு பகுதி. உப்பும், செம்புச் சத்துள்ள மருந்தும் கேட்கும். செம்பு மருந்து நத்தைக்கும் இறாலுக்கும் எமன். அவற்றை முதலில் வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

4. பஞ்சு போல் தெரிந்தால் நிதானம் தேவை

வெள்ளையாகப் பஞ்சு போல் எது தெரிந்தாலும் "பங்கஸ்" என்று சொல்லிவிடுகிறோம். இதில் இரண்டு வகை உண்டு. வைத்தியம் வேறு வேறு.

உண்மையான பூஞ்சை காயம்பட்ட இடத்தில்தான் பெரும்பாலும் வரும். உண்மையான பஞ்சு போல நூல் நூலாக நீண்டு நிற்கும். வலையில் அடிபட்ட மீன், மற்ற மீன் கடித்த மீன் ஆகியவற்றில் காணலாம். மீனைத் தனியே எடுத்து, மெத்திலின் புளூ அல்லது உப்புத் தண்ணீரில் வைத்தால் பெரும்பாலும் தேறும். மெத்திலின் புளூவைப் பெரிய தொட்டியில் ஊற்ற வேண்டாம். பில்டர் பாக்டீரியாவுக்குத் தீங்கு.

இரண்டாவது, காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோய். உதட்டைச் சுற்றி வெள்ளை அல்லது சாம்பல் நிறப் படலம், முதுகில் சேணம் வைத்தது போல் வெளிறிய பட்டை ஆகியவை இதன் அடையாளம். படலம் தட்டையாக இருக்கும். நூலாக நீண்டு நிற்காது. கப்பி, மோலி வகைகளில் அடிக்கடி பார்க்கலாம். கடுமையாக வந்தால் இரண்டே நாளில் தொட்டி காலி. வெப்பத்தில் இது வேகமாகப் பெருகும். வெள்ளைப் புள்ளி என்று எண்ணி ஹீட்டரைக் கூட்டினால் நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போலத்தான். வெப்பத்தைக் குறைத்து, நெருக்கத்தைக் குறைத்து, பாதித்த மீன்களை உடனே பிரித்துவிட வேண்டும்.

துடுப்பும் வாலும் ஓரத்தில் வெளுத்துக் கிழிந்து கரைவது துடுப்பழுகல். இதுவும் பாக்டீரியாதான். ஆனால் இந்தப் பாக்டீரியாக்கள் எந்தத் தொட்டியிலும் எப்போதும் இருப்பவை. தண்ணீர் கெட்டு மீன் பலவீனப்படும்போதும், துடுப்பு கடிபடும்போதும் தலையெடுக்கின்றன. ஆரம்பத்திலேயே கண்டு, ஒன்றுவிட்டு ஒரு நாள் கால் பங்குத் தண்ணீர் மாற்றி வந்தால் பல நேரம் மருந்தில்லாமலே துடுப்பு திரும்ப வளரும்.

வயிறு ஊதி, செதில்கள் அன்னாசிப் பழத்தின் தோல் போல் நிமிர்ந்து நின்றால் அது உள்ளுறுப்புகள் பழுதான அடையாளம். பெரும்பாலும் பிழைக்காது. நியான் டெட்ராவின் ஒளிரும் நிறம் இடையிடையே வெளுத்து, உடல் வளைந்தால் அந்தத் தசை நோய்க்கும் மருந்து இல்லை. இத்தகைய மீன்களை ஒதுக்கி எடுப்பதே மற்றவற்றுக்குப் பாதுகாப்பு. கோல்டு பிஷ்ஷின் உடலில் நூல் தொங்கினால் அது நங்கூரப் புழு. தட்டையாக ஒட்டி ஊர்ந்தால் மீன் பேன். புழுவைச் சிமிட்டாவால் அடியோடு பிடித்து மெதுவாக இழுத்தெடுத்து, மீனைத் தனியே வைக்க வேண்டும்.

5. மருந்தை நிறுத்துப் போடுங்கள்

சரக்கை நிறுத்துக் கொடுக்கும் நாம் மருந்தை மட்டும் கண்ணளவாக ஊற்றுகிறோம். ஒரு கணக்குப் பார்ப்போம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி 2 கன அடி. ஒரு கன அடி 28.3 லிட்டர், ஆக ஏறத்தாழ 56 லிட்டர். ஆனால் தண்ணீர் 10 அங்குலம்தான் நிற்கிறது என்றால் 47 லிட்டர். கல்லும் மணலும் 5 லிட்டர் இடத்தைப் பிடித்தால் உண்மையில் இருப்பது 42 லிட்டர். 56 லிட்டருக்கு என்று மருந்து ஊற்றினால் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். குஞ்சுகளும் கெளுத்தி இனமும் சாக அது போதும்.

இந்தத் தொட்டிக்கு லிட்டருக்கு 2 கிராம் வீதம் 84 கிராம் கல் உப்பு வேண்டும். ஒரே தடவையில் கொட்டாமல் 28 கிராம் வீதம் மூன்று தவணையாக, ஒன்றரை நாளில், தனிப் பாத்திரத்தில் கரைத்து ஊற்றுங்கள். உப்பு ஆவியாகிப் போவதில்லை. வற்றிய அளவுக்குத் தண்ணீர் விடும்போது உப்பு சேர்க்க வேண்டியதில்லை. 10 லிட்டர் தண்ணீரை வெளியே எடுத்து மாற்றினால் மட்டும் அந்த 10 லிட்டருக்கான 20 கிராம் சேர்க்க வேண்டும். பற்று வரவு எழுதத் தெரிந்த நமக்கு இது கடினம் இல்லை. கப்பி, மோலி, பிளாட்டி வகைகள் உப்பை நன்கு தாங்கும். கோரிடோரஸ், டெட்ரா வகைகளுக்குப் பாதியில் தொடங்குங்கள். உயிருள்ள செடிகள் உப்பில் வாடும். ஆகவே உப்பு வைத்தியத்துக்குத் தனித் தொட்டியே மேல்.

மருந்து போடும்போது பில்டரில் கரி இருந்தால் எடுத்துவிட வேண்டும். கரி மருந்தை உறிஞ்சிவிடும். இரண்டு மருந்தை ஒன்றாகக் கலக்கக் கூடாது. பார்மலின் தண்ணீரில் உள்ள பிராணவாயுவைக் குறைக்கும். ஏர் பம்ப் நன்றாக ஓட வேண்டும்.

மனிதர்களுக்கான டெட்ராசைக்ளின் மாத்திரைக் குப்பியைப் பிரித்துத் தொட்டியில் தூவும் பழக்கம் ஒன்று இருக்கிறது. இதனை விட்டுவிட வேண்டும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடினத் தண்ணீரில் அந்த மருந்து கால்சியத்தோடு சேர்ந்து கட்டுப்பட்டு வலுவிழந்து போகிறது. அரைகுறை அளவில் பழகிய கிருமி, பிறகு உண்மையான மருந்துக்கும் அடங்காது. மருத்துவர் சீட்டு இல்லாமல் அத்தகைய மருந்துகளை வாங்குவதும் முறையல்ல. பெரிய அளவில் மீன் சாகும்போது கால்நடை மருத்துவரையோ மீன்வளத் துறையையோ அணுகுங்கள். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2012-ல் தொடங்கப்பட்ட மீன்வளப் பல்கலைக்கழகமும் நம் மாநிலத்தில் இருக்கிறது.

6. புதுச் சரக்கைப் பழைய இருப்போடு கலக்காதீர்கள்

தொட்டிக்குள் நோய் தானாக முளைப்பது குறைவு. வாங்கி வரும் மீனோடும் அதன் தண்ணீரோடும்தான் பெரும்பாலும் வருகிறது. ஒரு கணக்கு: கடையில் தலா 15 ரூபாய் மதிப்பில் 400 மீன் இருப்பு என்றால் 6,000 ரூபாய். புதிதாக வாங்கி வந்தது 100 மீன் என்றால் 1,500 ரூபாய். இடமில்லை என்று இரண்டையும் கலந்தால், 1,500 ரூபாய்ச் சரக்குக்காக 6,000 ரூபாய் முதலை அடகு வைத்தவர்கள் ஆவோம். அதைத் தவிர்க்கத் தேவை ஒரே ஒரு தனித் தொட்டி.

தனித் தொட்டிக்கு அலங்காரம் வேண்டாம். கல் இல்லாத கண்ணாடித் தொட்டி, அல்லது பிளாஸ்டிக் டப். ஒளிந்து கொள்ள ஒரு துண்டு பி.வி.சி. குழாய், காற்றில் ஓடும் பஞ்சு பில்டர். பஞ்சை முன்கூட்டியே நோயில்லாத பழைய தொட்டியில் ஊற வைத்திருந்தால் பாக்டீரியா தயாராக இருக்கும். வலை, வாளி, குழாய் எல்லாம் இதற்கென்று தனி. தினமும் மற்றத் தொட்டிகளின் வேலையை முடித்துவிட்டு இதைக் கடைசியில் தொடுங்கள். வலையை ஒவ்வொரு முறையும் வெயிலில் மொறுமொறுவென்று காய வைத்தாலே பல கிருமிகள் சாகும்.

புதுச் சரக்கு இங்கே குறைந்தது 7 நாள், முடிந்தால் 14 நாள் இருக்கட்டும். நம் ஊர் வெப்பத்தில் வெள்ளைப் புள்ளி இருந்தால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தலை காட்டிவிடும்.

பை பிரிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நீண்ட பயணத்தில் பைத் தண்ணீரில் அம்மோனியா சேர்ந்திருக்கும். மீன் விட்ட கரியமில வாயுவால் பி.எச். இறங்கியிருப்பதால் அந்த நஞ்சு அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறத் தொடங்கும், நஞ்சும் தலைதூக்கும். ஆகவே கட்டைப் பிரிக்காமலே பையை 15 முதல் 20 நிமிடம் தொட்டியில் மிதக்க விட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். பிரித்த பின் தாமதிக்காமல் மீனை வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போக வேண்டாம்.

7. பொருந்தாத கூட்டம் நோயை அழைக்கும்

டைகர் பார்ப் மற்ற மீனின் நீண்ட துடுப்பைக் கடிக்கும். ஏஞ்சல், பைட்டர், கப்பி ஆகியவற்றோடு அதைப் போட்டால் காயம், காயத்தில் பூஞ்சை, பிறகு துடுப்பழுகல் என்று தொடர்ந்து வரும். கோல்டு பிஷ் குளிர்ச்சி விரும்புவது, கழிவும் அதிகம். வெப்ப நாட்டு மீன்களோடு சேர்த்தால் இருவருக்கும் சுகமில்லை. நியான் டெட்ராவுக்கு மென்மையான தண்ணீர் வேண்டும்; மோலிக்குக் கடினத் தண்ணீர் ஒத்துக் கொள்ளும். போர் தண்ணீர் மட்டுமே உள்ள ஊரில் மோலி, கப்பி, பிளாட்டி வகைகளை முக்கியச் சரக்காக வைப்பது புத்திசாலித்தனம். எந்த மீன் எதோடு சேராது என்று வாங்குபவரிடம் சொல்லிவிட்டால், "உங்கள் மீன் செத்துவிட்டது" என்ற புகார்களில் பல வராது.

8. நோய்த் தொட்டியில் விற்பனை நிறுத்தம்

இந்தப் பாடத்தில் கடினமான பகுதி இதுதான். ஞாயிற்றுக்கிழமை மாலை, கூட்டம் நிற்கிறது. ஒரு தொட்டியில் நாலு மீனுக்கு மட்டும் புள்ளி தெரிகிறது. மற்ற ஐம்பதும் பார்வைக்கு நன்றாக இருக்கின்றன. நல்லதாகப் பார்த்துப் பிடித்துக் கொடுத்து விடலாமா? சாகும் முன் பாதி விலைக்காவது தள்ளி விடலாமா?

கூடாது. நோயின் சுற்றை மேலே பார்த்தோம். அந்தத் தண்ணீரில் இருந்த எல்லா மீனும் நோயைச் சுமக்கின்றன என்றே கொள்ள வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளை சேர்த்து வைத்த காசில் வாங்கிப் போகும் இரண்டு மீன், அந்த வீட்டில் ஏற்கெனவே உள்ள பத்து மீனையும் கொல்லும். அந்த வீட்டார் பிறகு மீன் வாங்க வர மாட்டார்கள்; தீனியும் பில்டரும் வாங்கவும் வர மாட்டார்கள். தொட்டியின் மேல் "சிகிச்சையில் உள்ளது, விற்பனைக்கு இல்லை" என்று ஓர் அட்டை ஒட்டுங்கள். இரண்டு வாரம் அந்தத் தொட்டியின் வரவு போகும். ஆனால் அட்டையைப் பார்க்கும் வாடிக்கையாளர் மற்றத் தொட்டிகளை நம்புவார்.

செத்த மீனை மண்ணில் புதைத்துவிடுங்கள். பெரிய மீனுக்குத் தீனியாகப் போடாதீர்கள். வேண்டாத மீனையும் தொட்டித் தண்ணீரையும் ஏரி, குளம், கிணற்றில் விடாதீர்கள். அப்படி விடப்பட்ட சக்கர் மீன் நம் நீர்நிலைகளில் பெருகி நாட்டு மீன்களுக்கு இடையூறாக இருக்கிறது.

மளிகை விற்கும் கடைகளுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. மீன் தொட்டியில் வாழும் ஒரு வகை மைக்கோபாக்டீரியா, கையில் உள்ள காயத்தின் வழியே புகுந்து மனிதருக்கும் ஆறாத தோல் கட்டிகளை உண்டாக்கும். கையில் வெட்டுக் காயம் இருந்தால் உறை அணியாமல் தொட்டியில் கை விடக் கூடாது. தொட்டியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அரிசி, பருப்பைத் தொடக் கூடாது. தொட்டி வாளி, குவளை தனியாக இருக்கட்டும். பார்மலின், மாலகைட் கிரீன் போன்றவை நஞ்சு. உணவுப் பொருள் அலமாரியில் அவற்றை ஒரு நாள்கூட வைக்கக் கூடாது.

சுருக்கமாக

1. மீன் சோர்ந்தால் முதலில் தீனியை நிறுத்தி, காற்றைக் கூட்டி, மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்றுக.
2. எல்லாம் ஒன்றாகத் திணறினால் தண்ணீர். ஒன்றில் தொடங்கிப் பரவினால் நோய்.
3. வெள்ளைப் புள்ளிக்கு வெப்பம் உதவும்; காலம்னாரிஸுக்கு வெப்பம் ஆகாது. பார்த்துப் பிரித்தறிக.
4. தொட்டியின் உண்மையான லிட்டரைக் கணக்கிட்டு, தொட்டியின் பக்கத்திலேயே எழுதி ஒட்டி வைக்க.
5. புதுச் சரக்கு தனித் தொட்டியில் 7 முதல் 14 நாள்.
6. நோய்த் தொட்டியில் விற்பனை இல்லை.

வணிக அன்பர்களே, உயிருள்ள சரக்கை விற்பவருக்குப் பொறுப்பு சற்றுக் கூடுதல். நம் கடையில் வாங்கிய மீன் வாங்கியவர் வீட்டில் நெடுநாள் வாழ்ந்தால் அவர் அடுத்த மீனுக்கும் நம்மிடமே வருவார். அதற்கான வேலை வாரம் ஒரு முறை மாற்றும் கால் தொட்டித் தண்ணீரில் தொடங்குகிறது. இந்த வாரமே ஒரு தனித் தொட்டிக்குக் கடையில் இடம் பார்ப்போமாக.